மழைக்கு முன் வந்த கார்

7

“பாஸ், ராய் டெர்வோ நேத்து தன் மஸ்டாங் காரை வெளியே எடுத்துட்டான்.”

நான் இதைச் சொன்னதும், காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன தெல்மா ஹக்காலா பாதி வழியில் நிறுத்தினார்.

“மழை பெஞ்சுதா?”

“எங்க பெஞ்சுது? ரோட்டுல உப்பு வெள்ளை வெளேர்னு கிடக்கு. மீனைப் போட்டா சாயங்காலம் கருவாடா எடுத்துக்கலாம்.”

“அப்ப அவனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். இல்லேன்னா பயம் பிடிச்சிருக்கணும். கோட்டை மாட்டு, ஜீன்.”

கோட்டை மாட்டினேன். மேஜை மேல் இருந்த பேஸ்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் மாவுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டன. இந்த அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பேஸ்டியையும் நான் சூடாகத் தின்றதில்லை. நான் ஜீன் பெலஞ்சர். விசிட்டிங் கார்டில் ‘உதவித் துப்பறிவாளர்’ என்று போட்டிருக்கிறது. உண்மையில் டிரைவர், எடுபிடி, பனி வாருகிறவன், திட்டு வாங்குகிறவன்.

எங்கள் லாரியம் ஊரில் கொஞ்சம் வசதியுள்ள எவனுக்கும் இரண்டு கார். ஒன்று நல்ல கார். இன்னொன்று குளிர்காலத்துக்கு ஓட்டுகிற ஓட்டை வண்டி. அக்டோபரில் நல்ல கார் உறங்கப் போய்விடும். ஓட்டை வண்டி பனியிலும், பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பிலும் அடிபட்டுத் துருப்பிடித்துச் சாகும். வசந்தம் வந்து ஒரு நல்ல மழை பெய்து, ரோட்டு உப்பையெல்லாம் கழுவி ஏரிக்குக் கொண்டுபோன பிறகுதான் நல்ல கார் வெளியே வரும். பெற்ற மகளை ராத்திரியில் தனியாக அனுப்பினாலும் அனுப்புவார்கள், நல்ல காரை மழைக்கு முன் அனுப்பமாட்டார்கள். அதிலும் ராய் தன் சிவப்பு மஸ்டாங்கைப் படுக்கை விரிப்புப் போட்டு மூடி வைக்கிற ஜாதி. அவன் உப்பு ரோட்டில் அதை ஓட்டிக்கொண்டு போனான் என்றால் ஊரே ஜன்னலுக்கு வந்து பார்க்கும். பார்த்தது.

வேறு காரணத்துக்காகவும் அவனை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

நவம்பரில் முதல் பனிப்புயல் அடித்த அன்று அவன் மனைவி ஐலி காணாமல் போனாள். அவளுடைய ஓட்டை வண்டி பக்கத்து மாநிலத்தில், கிரீன் பே பஸ் நிலையத்துக்கு வெளியே கிடைத்தது. பஸ் ஏறி எங்கேயோ போய்விட்டாள் என்றது போலீஸ். ராய் கொன்றுவிட்டான் என்றது ஊர். போலீஸ் இரண்டு தடவை அவன் வீட்டைச் சோதித்தது. சவுனா என்கிற நீராவிக் குளியலறைத் தரையின் பலகையைக் கூடப் பெயர்த்தார்கள், விறகு அடுக்கைக் கலைத்தார்கள். அந்தச் சின்ன வீட்டில் அதற்கு மேல் தேட இடமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஐலியின் அக்கா இர்மா மார்ட்டிலா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் புருஷன் டேல், பனி தள்ளும் டிரக் வைத்து ஊர் வாசல்களைச் சுத்தம் செய்கிறவன், நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்கிறவன், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டிரக்கிலேயே காத்திருந்தான். இர்மா உட்காரவில்லை, அழவில்லை.

“உயிரோட இருந்தா அவ வாயால ஒரு வார்த்தை. இல்லேன்னா புதைக்க ஒரு உடம்பு. ரெண்டுல ஒண்ணு குடுங்க தெல்மா. நடுவுல நிக்க என்னால முடியலை” என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டில் ஒன்றையும் கொடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம்.

லூயி டொமினிச்செல்லியின் மெக்கானிக் ஷெட் கடைத்தெருவில், பேக்கரிக்கு எதிரே. உள்ளே மஸ்டாங்கை லிஃப்டில் ஏற்றி வைத்திருந்தான். பழைய எண்ணெய் கீழே தட்டில் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொப்பையும் பாட்டுமாக லூயி எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்தான்.

“வாங்க தெல்மா. வாடா ஜீன். நல்லாப் பாருங்க. உள்ள பொணம் கிணம் இருந்தா எனக்கும் சொல்லுங்க, சர்வீஸ்ல அது சேராது, தனி பில்.”

“வாயைக் கழுவு லூயி” என்றார் தெல்மா. “என்ன வேலை சொல்லியிருக்கான்?”

“வழக்கமான வசந்த வேலைதான். ஆயில், ரேடியேட்டர் தண்ணி, வைப்பர், பேட்டரி, பிரேக்ல பிடிச்ச துரு. ஒரே இடத்துல நின்னு டயரெல்லாம் அடிப்பக்கம் சப்பையாயிருக்கு. ஆனா நான் பத்து வருஷமா இந்தக் காரைப் பார்க்கறேன். ஏப்ரல் கடைசிக்கு முன்னாடி இது என் ஷெட்டை மிதிச்சதில்லை.”

தெல்மா தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு காருக்கு அடியில் போய் நின்றார். டார்ச் அடித்தார். பிறகு சட்டத்தின் இடுக்கில் சுண்டுவிரலை விட்டுத் துழாவி, வெளியே எடுத்து, நாக்கில் வைத்தார்.

“பாஸ், அது சூப் இல்லை.”

“உப்பும் இல்லை” என்றார் அவர். “சக்கரத்துல மட்டும் கொஞ்சம் இருக்கு. நேத்து இங்க ஓட்டிட்டு வந்தப்ப ஒட்டினது. உள் இடுக்கெல்லாம் வெறும் தூசி. ஐலி போன ராத்திரி உப்பு லாரி விடியவிடிய ஓடுச்சு. இந்தக் கார் அன்னைக்கு ஒரு மைல் போயிருந்தாலும் இடுக்குல உப்பு ஏறியிருக்கும். கழுவினாலும் அங்க இருந்து போகாது.”

“அதாவது?”

“அதாவது ராய் இந்தக் காரை அன்னைக்குத் தொடலை. குளிர்காலம் முழுக்கவும் தொடலை.”

தடயத்தை அழிக்கத்தான் அவசரமாகக் காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறான் என்று வழி முழுக்க நான் அளந்துகொண்டு வந்திருந்தேன். பேஸ்டியும் போச்சு, கேஸும் போச்சு.

அப்போதுதான் ராய் உள்ளே வந்தான். ஒல்லியான ஆள். நவம்பருக்கு முன்னால் இவ்வளவு ஒல்லியில்லை. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

“வீட்டைத் தோண்டியாச்சு. இப்ப காரா?”

“ஒரே ஒரு கேள்வி ராய்” என்றார் தெல்மா. “மழைக்கு முன்னாடி ஏன் எடுத்தே?”

“எடுக்க வேண்டியிருந்தது.”

“யாருக்கு வேண்டியிருந்தது?”

அவன் சிரித்தான். சிரிப்பு மாதிரி இல்லை. “இந்த ஊர்ல நான் எதைச் சொன்னாலும் அது பொய். சர்ச்சுல என் பெஞ்சுல யாரும் உக்காரறதில்லை. கடையில சில்லறையைக் கையில குடுக்காம மேஜையில வைக்கறாங்க. அதனால பதில் சொல்றதையே விட்டுட்டேன். லூயி, எப்ப முடியும்?”

“காத்து ஃபில்டர் மட்டும் பாக்கி. நீயும் இரு, வேடிக்கை பாரு. வருஷா வருஷம் எந்தக் காரைத் திறந்தாலும் உள்ள ஒரு குடித்தனம் இருக்கும். வாடகை குடுக்காது, காலி பண்ணவும் பண்ணாது.”

காரைக் கீழே இறக்கி பானெட்டைத் தூக்கினான் லூயி. எஞ்சின் தலையில் இருக்கிற வட்ட டப்பாவின் நட்டைக் கழற்றி மூடியை எடுத்தான். எலிக்கூடு. ஃபில்டருக்கும் டப்பாவுக்கும் நடுவில் சுற்றிலும் அடைத்து, பஞ்சு பஞ்சாக, வட்டமாக. நடுவில் இன்னும் கண் திறக்காத நாலைந்து குஞ்சுகள் நெளிந்தன.

“சொன்னேன்ல? பேறுகாலமே முடிஞ்சிருக்கு” என்று லூயி கையை விடப் போனான்.

“தொடாதே.”

தெல்மாவின் குரல் அப்படி இருந்தது. லூயியின் கை அந்தரத்தில் நின்றது.

சீட்டிலிருந்து பிய்த்த மஞ்சள் நுரை, காய்ந்த புல், செய்தித்தாள் துணுக்கு, எல்லாம் எல்லாக் கூட்டிலும் இருப்பவை. அவற்றுக்கு நடுவே கம்பளி நூல். பச்சை இழையும் ஆரஞ்சு இழையும் முறுக்கிய நூல், நிறைய. தெல்மா பேனா முனையால் ஒரு கொத்தை மெதுவாகத் தூக்கினார். நூலோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. நீளமான, வெளுத்த பொன்னிறத் தலைமுடி. ஒன்றிரண்டு இல்லை.

நான் ராயைப் பார்த்தேன். அவன் எஞ்சின் பக்கம் குனிந்தான்.

“ஐலி முடி” என்றான். “அது ஐலி முடி.”

“ஜீன்” என்றார் தெல்மா என் பக்கம் திரும்பாமல். “எதிர்ல போய் இர்மாவைக் கூட்டிட்டு வா.”

இர்மா பேக்கரியில் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவாமல், கோட்டுப் போடாமல் அப்படியே தெருவைக் கடந்து வந்தாள்.

நூலைப் பார்த்தாள்.

“எங்கப்பா சுரங்கத்துக்குப் போட்டுட்டுப் போன ஸ்வெட்டரைப் பிரிச்ச பச்சை இது. அது பத்தலை. வேட்டைக்குல்லா ஆரஞ்சைச் சேர்த்து முறுக்கிப் பின்னினேன். கையுறை. ஒரே ஒரு ஜோடிதான் வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் அவ எங்க வீட்டுக்கு வந்தா, குடுத்தேன். ‘ஐயோ அக்கா, இதைப் போட்டுட்டு நடந்தா ரோட்டுல காரெல்லாம் நின்னு சிக்னல்னு நினைச்சுக்கும்’னா.” அவள் நூலை நோக்கிக் குனிந்தாள். “போட்டுட்டுத்தான் போனா. கழட்டவே இல்லை.”

“கடைசியா அவளை எப்ப பார்த்தே?”

“இருட்டற நேரம். கிளம்பறேன்னா. நான் அடுப்புல இருந்தேன், வாசல் வரைக்கும் கூடப் போகலை.” பிறகு அவள் திரும்பினாள். அது யார் கார் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

ராயை அவள் அறைந்த சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அவன் கன்னத்தில் வெள்ளையாக மாவு அச்சு விழுந்தது. மறுபடி அறைந்தாள். அவன் கையைத் தூக்கவே இல்லை.

“எனக்குத் தெரியாது இர்மாக்கா. சத்தியமாத் தெரியாது.”

“அக்கான்னு கூப்பிடாதே! அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது! குளிர்காலம் முழுக்க நான் அவ கடுதாசிக்காகத் தபால்காரன் காலைப் பார்த்துட்டு நின்னேன். நீ இவளை எலிக்குப் போட்டியா? எங்கடா வெச்சிருக்கே? சொல்லு, எங்கடா வெச்சிருக்கே?”

நான் இர்மாவைப் பிடித்து இழுத்தேன். சின்ன உடம்பு, ஆனால் எருமைப் பலம். லூயி பாவம், எலிக் குஞ்சுகளைத் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“அவ்வளவுதான் பாஸ்” என்றேன். “ஷெரிப்பைக் கூப்பிடலாம். முடிஞ்சுது.”

தெல்மா பாக்கெட்டிலிருந்து ஒரு உப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஏதாவது பிடிபடவில்லை என்றால் அதுதான் அடையாளம்.

“லூயி, கூடு கட்டற சாமானுக்கு எலி எவ்வளவு தூரம் போகும்?”

“குளிர்காலத்துலயா? வாசலைத் தாண்டாது. கார் நிக்கற கூரைக்கு அடியில என்ன கிடைக்குதோ அதுதான். வெளிய போனா விறைச்சுச் செத்துடும், இல்லேன்னா ஆந்தை அடிச்சிடும்.”

“போலீஸ் ரெண்டு ஸ்டேட்டுக்குத் தந்தி அடிச்சுது. நான் பஸ் கம்பெனி பஸ் கம்பெனியா அலைஞ்சேன். இந்த எலி நாலு எட்டு நடந்து போய் எடுத்துட்டு வந்திருக்கு. கையுறை கீழே விழுந்து கிடந்துதுன்னு வெச்சுக்கலாம். தலைமுடியை யாரும் இத்தனை தவறவிட்டுட்டுப் போகமாட்டாங்க. கார் எங்க நின்னுதோ அங்கதான் ஐலி இருக்கா.”

“ராய் வீட்டுலயா? போலீஸ்தான் ரெண்டு தடவை...” என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ராய் வீட்டு வாசலில் நான் எத்தனை நாள் நின்று குளிரில் உளவு பார்த்திருக்கிறேன்! அவனுடைய ஓட்டை வண்டியே வெளியில்தான் பனிக்குள் நிற்கும். சவுனா உண்டு, விறகுக் கொட்டில் உண்டு. கார் நிறுத்த ஒரு கூரை கிடையாது.

தெல்மா ராயின் பக்கத்தில் போனார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ராய், குளிர்காலத்துல உன் கார் எங்க நின்னுது?”

அவன் தெல்மாவைப் பார்க்கவில்லை. இர்மாவைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள், கோபம் இன்னும் தணியாத குரலில், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

“எங்க கொட்டகையில. வருஷா வருஷம் அங்கதான். அவ போனதுக்கப்புறம் இந்தச் சனியனைத் தூக்கிப் பனியில எறின்னு டேல்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்! நான் சொல்லி அவன் கேக்காதது அது ஒண்ணுதான். ‘கார் என்ன பாவம் பண்ணுச்சு, இருந்துட்டுப் போகட்டும்’னான். அவ்வளவு நல்ல மனசு.”

தெல்மா மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

“கொட்டகைச் சாவி?” என்றார் தெல்மா.

“டேல்கிட்ட.”

“உன்கிட்ட?”

“எனக்கெதுக்கு? பனி டிரக், டீசல், அவன் சாமானெல்லாம் அங்க இருக்கு.”

“நவம்பருக்கப்புறம் ராய் உள்ளே போனானா?”

“அவனை நான் எங்க நிலத்தையே மிதிக்க விடலையே.”

“அப்ப காரை இப்ப எடுக்கச் சொன்னது யாரு?”

ராய் சொன்னான். சொல்லாமல் வைத்திருந்தவன், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். “டேல் போன் பண்ணான். மழை வரட்டும்னேன். முடியாது, நாளைக்கே வேணும்னான். கெஞ்சினேன். கத்தினான். டேல் கத்தி நான் கேட்டதில்லை. நான் போறதுக்குள்ள காரைத் தானே வெளியே தள்ளி வெச்சு, கதவைப் பூட்டிட்டு நின்னான்.”

“என்ன அவசரம் இர்மா?”

“குழியை மூடணும்” என்றாள் இர்மா. “டேலோட அப்பா லாரி ரிப்பேர் பார்க்க வெட்டின குழி, கொட்டகை நடுவுல. மேல பலகை போட்டு அதுக்கு மேலதான் இந்தக் கார் நிக்கும். உறைபனியில சிமென்ட் பிடிக்காது, இப்பத்தான் வெயில் வந்திருக்கு. யாராச்சும் தவறி உள்ள விழுந்துடப் போறாங்கன்னு சொல்லி...”

அவள் நிறுத்தினாள். மாவுக் கைகள் இரண்டும் அவளுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல.

“காலையில மிஷின் சத்தம் கேட்டுச்சு” என்றாள் வெகு மெதுவாக. “சிமென்ட் கலக்கற மிஷின். நான் அவனுக்கு முட்டை பொரிச்சு வெச்சுட்டு வந்தேன்.”

லூயி அப்போதே ஷெரிப்புக்குப் போனைச் சுழற்ற ஆரம்பித்திருந்தான். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஓட்டை வண்டியில் தரை ஒரு பக்கம் ஓட்டை. கால் வைத்தால் ரோடு தெரியும். பின் சீட்டில் இர்மாவும் ராயும். அவன் கன்னத்தில் மாவு அப்படியே இருந்தது. யாரும் துடைக்கச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நான் ஏதாவது உளறி வைப்பேன், தெல்மா திட்டுவார், அது எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

“ஐலி போன அந்த வாரம் டேல் கிரீன் பே போனான்” என்று இர்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். “டிரக்குக்குப் பாகம் வாங்கணும், யாரோ வண்டியில ஏறிப் போறேன்னான். திரும்பி வரப்ப பஸ்ல வந்தான். பாகம் கிடைக்கலைன்னான். நான் ரொட்டி கட்டிக் குடுத்தேன்.”

தெல்மா திரும்பி அவள் முழங்காலில் கை வைத்தார். அவ்வளவுதான்.

மார்ட்டிலா வீட்டின் வாசல் வெயிலில் சேறாகிக் கிடந்தது. கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சிமென்ட் மிஷின் கரகரவென்று சுழன்றது. டேல் தள்ளுவண்டியைக் குழியின் விளிம்பில் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். பெரிய உருவம், சாதுவான முகம். முதலில் தெல்மாவைப் பார்த்தான். பிறகு ராயை. கடைசியாக இர்மாவை. தள்ளுவண்டி அவன் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது.

நான் போய் மிஷினை நிறுத்தினேன். அந்த அமைதிக்கு அது ஓடியே இருக்கலாம் போலிருந்தது.

குழிக்குள் ஒரு பக்கமிருந்து பாதி நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஈரச் சிமென்ட் பரவியிருந்தது. மறுபாதியில் தார்ப்பாய் தெரிந்தது. அதன் ஓரத்தை எலி கடித்திருந்தது.

“இர்மா” என்றான் டேல். “பின்னால எடுத்தேன். டிரக்கைப் பின்னால எடுத்தேன், அவ்வளவுதான். பனி அடிக்குது, கண்ணாடியில ஒண்ணும் தெரியலை. அவ என்கிட்ட ஏதோ சொல்லத்தான் வந்திருப்பா போல. ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. இறங்கிப் பார்த்தா... விபத்து இர்மா. கடவுள் மேல ஆணை, விபத்து.”

“குடிச்சிருந்தியா?” என்றார் தெல்மா.

அவன் ஆமென்று தலையை அசைத்தான். “ஏற்கெனவே ரெண்டு தடவை பிடிபட்டிருக்கேன். இன்னொரு தடவைன்னா லைசென்ஸ் போயிடும். டிரக் போயிடும். ஜெயில். மண்ணு இளகினதும் ஒரு நல்ல இடமாப் பார்த்துப் புதைச்சிடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் வெயில் வந்துச்சு, பயந்துட்டேன்...”

ராய் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன். பிடிக்க அவசியமிருக்கவில்லை. அவன் டேலைப் பார்க்கவே இல்லை, தார்ப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இர்மா புருஷனுக்கு வெகு அருகில் போய் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நவம்பர்ல நடந்தது விபத்து. சரி, நம்பறேன். கிறிஸ்மஸ்ல சர்ச் வாசல்ல வெச்சு நான் ராய் மூஞ்சியில துப்பினேனே, நீ என் கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல நின்னியே, அது என்ன? தினமும் இந்தக் கொட்டகைக்கு வந்து டிரக்கை எடுத்துட்டுப் போனியே, சாயங்காலம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே, அது என்ன? என்னைத் துப்பறியறவங்ககிட்டக் கூட்டிட்டுப் போனியே டேல். பையைக் குடு, நான் வெச்சுக்கறேன்னு வாங்கி மடியில வெச்சுக்கிட்டியே. அது என்ன விபத்து?”

டேல் குழியின் பக்கம் திரும்பினான்.

“தலை எந்தப் பக்கம்?” என்றாள் அவள்.

அவனுக்குப் புரியவில்லை.

“என் தங்கச்சி தலை எந்தப் பக்கம் இருக்கு?”

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். சிமென்ட் விழுந்திருந்த பக்கம்.

ராய் குழிக்குள் குதித்தான். முழங்கால் வரை சிமென்ட். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் வாரி வாரி வெளியே போட ஆரம்பித்தான். இர்மா விளிம்பில் உட்கார்ந்து, பாவாடையைக் கூட்டிக்கொண்டு, அவளும் இறங்கினாள். தூரத்தில் ஷெரிப்பின் சைரன் கேட்டது. போலீஸ் வரும் வரைக்கும் எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். அது எனக்கே தெரியும், இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த தெல்மாவுக்குத் தெரியாதா? நான் அவரைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், முகத்தை வெளிப்பக்கம் திருப்பி.

நான் டேலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் எங்கேயும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே இரண்டு பேரும் வாரினார்கள். ராய் வெறி பிடித்தவன் போல வேகவேகமாகக் கையை விட்டான். இர்மா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மெதுவா, ராய்” என்றாள். “மெதுவா எடு. இங்க முகம் இருக்கும்.”